குடும்பப் பெயர் கேட்ட மேனேஜர்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் மேனேஜரோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்குப் பெரிய தண்டனை. அவரும் தமிழர்தான். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே தன் குடும்பப் பெயரின் பெருமையையும் திறந்துவிடுவார். ஏதோ ஒரு ராஜா கொடுத்த பட்டமாம். அவர் ஊர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் மேல்தான் விழ வேண்டுமாம்.

ஒரு நாள் என் பக்கம் திரும்பினார்.

"உன் பேருக்குப் பின்னாடி இருக்கே, அது ஃபேமிலி நேமா?"

"எங்கப்பா பேரு சார். கம்பெனி ஃபாரத்துல முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கேட்டாங்க, குடுத்தேன்."

"அவர் பேருக்குப் பின்னாடி?"

"எங்க தாத்தா பேரு."

"அதில்லப்பா. நேட்டிவ் எது?"

"நீலசந்திரா சார், இதே பெங்களூர்தான்."

"அதுக்கு முன்னாடி? எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குத்தான் இத்தனை சுற்று. முதுகில் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கிறவர்களாவது ஒரே தட்டில் முடித்துக்கொள்வார்கள்.

"எங்க வீட்டுல ஆளுக்கொரு பேரு சார். அவனவன் செஞ்சதுக்கு அவனவன் பேருதான் கெடும். எவனோ ராஜா குடுத்த பேரை வெச்சுப் பொழைக்கிற நெலமை எங்க யாருக்கும் வரல."

மறுநாள் அவர் வேறு மேஜைக்குப் போய்விட்டார். அம்மா வைக்கிற சாம்பார் எவ்வளவு ருசி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.