பீரோ பக்கத்து ஆணி

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சைக்கிள் கேரியரில் ஜாதகக் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு இலுப்பூரிலிருந்து மணமேல்குடி வரைக்கும் மிதித்தவன். இன்றைக்குத் திருக்கோகர்ணத்தில் என் திருமணத் தகவல் மையத்துக்கு மாடிக் கட்டடம், ஏசி, செல்போன் ஆப் எல்லாம் இருக்கிறது. நான் முடித்துவைத்த கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். இதைச் சொல்லாமல் எனக்கு எதையும் ஆரம்பிக்க வராது. சொல்ல வந்தது வேறு.

ஆப்பைச் செய்தது எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் பெண். ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளும், வெளியூரிலிருந்து எங்களுக்கு டிசைன் செய்து கொடுத்த ஓர் ஆளும், இன்டர்நெட்டில் ஒரே பெட்டகத்தில் வேலையைச் சேர்த்து வைப்பார்கள். ரெப்போ என்பார்கள். யார், என்றைக்கு, எதை மாற்றினார் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும்.

ஆப் ஓடுகிறதா என்று பார்க்க அவள் பொய்ப் பெயர்களைப் போட்டிருந்தாள். "நம்மகிட்ட இல்லாத வரனா? நெசத்தையே போடு ஆத்தா" என்றேன். தயங்கிப் போட்டாள். போட்டவள் அந்த லிஸ்டை மட்டும் என்கிரிப்ட் செய்துவிட்டாள். அதாவது பூட்டு. சாவி ஒரு சின்ன ஃபைல். அது இல்லாமல் திறந்தால் கோழி கிளறின மாதிரிதான் தெரியும்.

ஒருநாள் அவள் லீவு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் திறக்க, கோழி கிளறி வைத்திருந்தது. மானம் போயிற்று. மறுநாள் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என் கடைப் பூட்டுக்கு எனக்கே சாவி இல்லையா?"

"ஒங்க கம்ப்யூட்டர்ல தனியாப் போட்டுத் தாரேங்கய்யா."

"தனியா என்ன தனியா? நம்ம பீரோ சாவி எங்க இருக்கு?"

"பீரோ பக்கத்து ஆணியிலங்க."

"நாப்பது வருசமா அங்கதான் தொங்குது. ஒரு ஜாதகம் காணாமப் போயிருக்கா? இதையும் அந்தப் பெட்டகத்துக்குள்ளயே மாட்டு."

"ஐயா, அந்த ஆணி நம்ம ரூமுக்குள்ள இருக்கு. இது..."

"மாட்டுன்னா மாட்டு. அஞ்சாங்கிளாஸ்காரன் சொன்னா காதுல ஏறாதோ?"

மாட்டினாள்.

டிசைன்காரன் வேலை முடிந்து போகும்போது லிஸ்டையும் சாவியையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போய் வேறொரு தரகரிடம் கொடுத்துவிட்டான். அந்த லிஸ்டில் ஒரு டீச்சர் இருந்தாள். புருசனை இழந்தவள், மகளோடு மாமனார் வீட்டில் இருந்தாள். "ஒங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுங்கய்யா" என்று சொல்லித்தான் பதிந்தாள். வீட்டு நம்பருக்குப் போன் செய்யக் கூடாது என்று நானே எழுதச் சொன்னேன். அந்தத் தரகர் அதைப் படிக்கவில்லை. போனை எடுத்த மாமியாரிடம், உங்க மருமகளுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கு என்றிருக்கிறார்.

அன்றைக்கே அவள் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். "யாருங்கய்யா குடுத்தது?"

என் வாய் இருக்கிறதே. "கம்ப்யூட்டர் கோளாறும்மா. இந்தப் புள்ள பூட்டுனது சரியில்ல" என்று இன்ஜினியரைக் கை காட்டினேன்.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் பொம்பளதானே?"

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நான் கத்தியாவது தப்பித்திருப்பேன்.

டீச்சர் போனபிறகு, "அதெல்லாத்தையும் அழிச்சிடு" என்றேன்.

"லிஸ்டை எடுத்துட்டேங்க. சாவியையும் மாத்தியாச்சு. கொண்டுபோனவர் கையில இருக்கிறத நம்மளால அழிக்க முடியாதுங்கய்யா." அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "அப்புறம் இதுவும் இருக்கு."

பெட்டகத்தில் இருந்த குறிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐயா சொன்னபடி சாவி உள்ளே வைக்கப்பட்டது. பக்கத்தில் தேதி.

"இதையும் எடுக்கணுமாங்கய்யா?" குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

"இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு டீச்சர் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போனேன். கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். "இவங்க பூட்டுனது சரிதாம்மா. சாவியப் பக்கத்துலயே வைக்கச் சொன்னது நான். நேத்து ஒங்ககிட்டச் சொன்னது பொய்."

டீச்சர் என்னைத் திட்டவில்லை. இன்ஜினியரைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்க" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. நான் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றேன்.