சொம்பில் மிச்சமிருந்த தண்ணீர்

எங்கள் கூடத்து ஜன்னலோரம் நின்ற சைகஸ் செடி நாளுக்கு நாள் மஞ்சளடித்துக்கொண்டே போனது. பெரியநாயக்கன்பாளையத்து நர்சரிக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கத்தரி வைத்திருந்தார். மனிதரைப் போலவே செடியையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"ஏனுங்க, உடம்புக்கு என்னுங்க?" என்று குனிந்து, அதன் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம், "தண்டு கெட்டியா இருக்குதுங்க, பொழச்சுக்கும். ஆனா மண்ணு சேறாட்டம் கெடக்குது. இதுக்குத் தண்ணி அதிகம் ஆகாதுங்க. தெனமும் ஊத்தறீங்களா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாரத்துக்கு ஒரு டம்ளர்தானுங்க!"

அவர் நம்பவில்லை. அதற்குள் என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சோபாவில் உட்கார்ந்து பாதி குடித்தவர், பேச்சுவாக்கில் மீதியைப் பக்கத்திலிருந்த சைகஸ் தொட்டியில் ஊற்றினார்.

மூவரும் தொட்டியைப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு வரும் அத்தனை பேரும் உட்காருவது அந்த சோபாவில்தான். வந்தவர்களுக்கு முதலில் கொடுப்பதும் ஒரு சொம்புத் தண்ணீர்தான்.

"நோவு தெரிஞ்சுபோச்சுங்க அம்மணி!" என்று அவர்தான் முதலில் சிரித்தார்.

அன்றே சோபாவை நகர்த்தினோம். சில மாதம் கழித்து, ஒரு கொத்துக் குருத்து ஒன்றாகக் கிளம்பியது. பார்க்க வந்த நர்சரிக்காரருக்கு மறுபடி சொம்பு வந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்துச் செடியிடம் காட்டினார்.

"பாத்துக்குங்க, ஒண்ணும் மிச்சமில்லீங்க."

செடி என்ன பதில் சொன்னதோ, திருப்தியாகத்தான் கிளம்பிப் போனார்.