வெறும் வயிற்றில் இரண்டு தொன்னை

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் என் ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் திறக்கவே எனக்குப் பிடிக்காது. கிரிவலம் முடிந்த தெருவெல்லாம் எச்சில் தொன்னை, மிதிபட்ட சோறு, ஈ. அன்று அதையெல்லாம் மிதித்துக்கொண்டு அண்ணன் வந்தார். ஒரு முறை நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். கொலஸ்ட்ரால் குறையாவிட்டால் அடுத்த வலியைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வெறும் வயிறுதானே?"

"பச்சத் தண்ணி கூட குடிக்கல."

ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றவிட்டேன். மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் திரிந்த பால் மாதிரி வெளுத்து நின்றது. சற்று முன் கொழுப்பு சாப்பிட்டவர்களின் ரத்தம் அப்படி நிற்கும். குழாயை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"உண்மையச் சொல்லு. என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்டலம்மா. மலை சுத்தி வர்றப்ப செங்கம் ரோட்டுல கேசரி குடுத்தாங்க. அடி அண்ணாமலைல சக்கரைப் பொங்கல், ரெண்டு தொன்னை. பிரசாதம் சாப்பாட்டுல சேருமா? ஒரு வருஷமா முட்டையத் தொடல. இன்னும் என்ன பண்ணணும்?"

எம்.எஸ்சி.யில் பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்தது அப்போதுதான் உறைத்தது. செல் வளர வேண்டுமென்றால் அதன் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதனால் 'வளர்' என்று உடம்பு அனுப்பும் உத்தரவே 'கொலஸ்ட்ரால் செய்' என்ற உத்தரவும். இனிப்பு உள்ளே போனால் இன்சுலின் அந்தச் சேதியைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. வெளியிலிருந்து முட்டை வராவிட்டால் என்ன, கல்லீரல் தானே செய்துகொள்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "முட்டைய விடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியவள் நான். அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தொன்னையை எடுத்து மேஜைமேல் வைத்தார். நெய் உறைந்த பொங்கல். "உனக்குதான் எடுத்தாந்தேன். ஜாஸ்தி இல்ல, கொஞ்சந்தான்."

ஆத்திரத்தில் அதைத் தூக்கி ரத்தப் பஞ்சு கிடந்த கூடையில் போட்டேன்.

வெளுத்த ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர், என்னைப் பார்த்துச் சுளித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வேறொரு இடத்தில் ரத்தம் கொடுத்ததாக அண்ணி சொன்னாள். அதுவும் பௌர்ணமிக்கு மறுநாள்தான். சாப்பிட்டீர்களா என்று அங்கே கேட்டபோது, வெறும் வயிறு என்றே எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.