புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன குண்டு

எங்கள் மனைப்பிரிவில் எல்லாவற்றையும் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். முட்டாள்தனத்தை மட்டும் பொதுவில் விட்டுவைத்திருக்கிறோம். ஆவடியைத் தாண்டி இந்த இடத்தை வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும், இது ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகிய நிலம் என்று. பழைய ஊர்க்காரர்கள் இன்னமும் 'சுடுற மேடு' என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். வாசலில் பூந்தோட்டம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்ப் பலகையை நட்டுவிட்டால் மண்ணுக்கடியில் கிடப்பதெல்லாம் ரோஜாச் செடியாகிவிடும் என்று நம்புகிற படித்த கூட்டம் நாங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டியபோது அது வெளியே வந்தது. முழங்கை நீளத்துக்குத் துருப்பிடித்த இரும்பு. பின்பக்கம் துடுப்பு மாதிரி தகடுகள், முனையில் மட்டும் பித்தளை. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். ஐடி கம்பெனியில் மேனேஜர், வீட்டிலிருந்தே வீடியோ மீட்டிங்குக்கு மேலே சட்டையும் கீழே அரைக்கால் டவுசருமாக உட்காருகிறவர். கைப்பேசியில் நாலு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டம்மி சார். பிராக்டிஸ் பாம். உள்ளே ஒண்ணும் இருக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

டம்மி என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் யோசனையே ஓடாது. அன்று சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது சங்க அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கப் போனது. இரண்டு வாரம் அந்தக் கதவு அறைந்து சாத்தப்படவே இல்லை. செயலாளருக்கு அதில் ஒரே பெருமை.

நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப் ஒன்றில் இருபது வருடமாகத் தர ஆய்வு பார்க்கிறேன். ஒரு பாகத்தைப் பார்த்தால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பித்தளை முனை இடிபட்டால் வேலை செய்யும் பாகம் என்பது எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்தும், சங்க அறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதரோடு யார் மல்லுக்கட்டுவது என்ற சலிப்பைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. "இத்தனை வருஷம் ஸ்பேனருக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வச்சோம். இந்த வருஷம் நிஜ ஆயுதத்துக்கே வைப்போமே!" வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படங்கள் குவிந்தன. குண்டுக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் கற்பூரம். வெடிகுண்டுக்கு முன்னால் நெருப்பைக் கொளுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாரான பட்டதாரிகளை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

பொட்டு எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். அதனால் பூஜையன்று காலை, மனைப்பிரிவைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற அம்மாவிடம் ஒரு உருண்டைப் புளியைக் கொடுத்து, முனையைக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்து வைக்கச் சொன்னார்கள். அந்தம்மா பக்கத்துப் பழைய ஊர். இந்த மேட்டை ஒட்டி அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நெல் வயல் இருந்தது.

அவள் தேய்க்கவில்லை. புளியைக் கையில் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"சார், அதுல கை வைக்க வாணாம்னு சொன்னா சிரிக்கிறாங்க சார். எங்க சித்தப்பாவுக்கு இத்தாலதான் மூணு விரலு பூட்ச்சு. மாடு மேய்க்கசொல்ல எடுத்து தட்டிப் பாத்தாரு, அவ்ளோதான். நீங்க இரும்பு வேல தெரிஞ்சவரு. நீங்க சொன்னா கேப்பாங்க."

சொல்லியிருக்கலாம். நாலு வீடு தள்ளிப் போய் நாலு வார்த்தை. ஆனால் குளித்து வேட்டி கட்டியிருந்தேன், கம்பெனி பூஜைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும், நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை எதற்கு என்று தோன்றியது. "அவர் நெட்ல பார்த்துட்டார்மா. அழுத்தாம லேசா தேய்ச்சு வச்சிடு" என்றேன்.

லேசாக! இருபது வருட அனுபவம் கொடுத்த ஆலோசனை இது. அவள் விரல்கள், அவள் முகம், அவள் உயிர். அதற்கு நான் கொடுத்த பாதுகாப்பு அந்த 'லேசா' மட்டும்தான். இதை எழுதும்போது செயலாளரைவிட என்மேல்தான் அருவருப்பாக இருக்கிறது.

அவள் புளியை என் கேட் தூண்மேல் வைத்துவிட்டுப் போனாள். ரயிலுக்குக் கிளம்பியவன் கேட்டிலேயே நின்று பார்த்தேன். குண்டை அவள் தொடவில்லை, நகர்த்தவும் இல்லை. சங்க அறையைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூரத் தூரப் போட்டு, துணி காயவைக்கும் கயிற்றை அவிழ்த்து வந்து ஒன்றோடொன்று கட்டினாள். பந்து எடுக்க ஓடிய பிள்ளைகளை அதட்டி விரட்டினாள். "இன்னா சார் பண்ணுவீங்க? வேலைய உட்டு தூக்குவீங்களா? தூக்கிக்கோங்க" என்று தடுக்க வந்த செயலாளரிடம் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே போலீசுக்குப் போன் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் எங்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். மாவிலையும் மாலையும் போட்ட கார்களை உள்ளேயே விட்டுவிட்டு, பட்டுப் புடவையும் வேட்டியுமாக மெயின் ரோட்டு வெயிலில் நின்றோம். குண்டு அகற்றும் அதிகாரி செயலாளரின் கைப்பேசியைப் பார்க்கவே மறுத்தார். "டம்மியா இல்லையான்னு பார்த்துச் சொல்ற வேலை உங்களுது இல்ல சார். துருப்பிடிச்சா பெயிண்ட் நிறத்தை வச்சு எது டம்மின்னு கண்டுபிடிக்க முடியாது. பயிற்சிக் குண்டுக்குள்ளயும் மருந்து இருக்கும். தொடாம, தள்ளி நின்னு, எங்களைக் கூப்பிடணும். அவ்வளவுதான். கயிறு கட்டினது யாரு? அந்த ஒருத்தருக்குத்தான் இங்க அறிவு இருக்கு."

மணல் மூட்டை அடுக்கிய வண்டியில் அதை ஆளில்லாத பொட்டலுக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சநேரம் கழித்து ஒரு சத்தம். காலடியில் தரை அதிர்ந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. செயலாளர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கருவியோடு வந்து தேடியவர்கள், பேட்மின்டன் ஆடும் இடத்துக்கடியில் இன்னொன்றை எடுத்தார்கள்.

இதற்குப் பிறகாவது வெட்கம் வரும் என்று நினைப்பீர்கள். டிவிக்காரர்கள் வந்து வாசல் பலகையைப் படம் பிடித்துப் போனதுதான் எங்கள் சங்கத்துக்கு வலித்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். சங்கத்தின் அனுமதி இல்லாமல் வெளியாரை அழைத்து மனைப்பிரிவின் பெயரைக் கெடுத்ததற்காகத் துப்புரவுப் பணியாளரை நிறுத்துவது என்று தீர்மானம். வார்த்தைக்கு வார்த்தை இதேதான். தாள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

அடுத்த நாள் துடைப்பத்தையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துப்போக அவள் வந்தாள். வேலைக்குக் கிளம்பிய நான் கேட்டில் மாட்டிக்கொண்டேன். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கம்மா..." என்று இழுத்தேன்.

அவள் கோபப்படவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

"பரவால்ல சார். பத்து விரலும் நல்லாதான கீது, போடுங்க."