எதிர் வரிசை முடிக்கட்டும்

ஸம்பத்குமாருக்கு உடம்பு ஒரு பிடி. குரல் மட்டும் யாரோ ஆஜானுபாகுவுக்குச் செய்து வைத்ததைத் தப்பாக இவனிடம் கொடுத்துவிட்டதுபோல் இருக்கும். திருவள்ளூர் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் அவன் வாயைத் திறந்தால், மடப்பள்ளியில் இருப்பவர்களுக்கு இன்றைக்கு எத்தனையாவது பாசுரம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குரல் அவனுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. கோயிலிலிருந்து வீட்டுக்கு வருகிற பிரசாதப் பங்கு அப்பாவுக்குப் பிறகு மூத்தவன் சடகோபனுக்குப் போய்விட்டது. அதுதான் வழக்கம், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டுமானால் உத்தியோகத்தைத்தான் சொல்ல வேண்டும். பி.ஏ. முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். இரண்டாம் வருஷமே தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கிற்று. அப்புறம் மதராஸில் பல்கலைக்கழகத்துப் பரீட்சைப் பிரிவில் டெம்பரரி வேலை. எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் நிறுத்தம், மறுபடி எண்பத்தொன்பது நாள். தொண்ணூறு நாள் தொடர்ந்து வைத்துக்கொண்டால் நிரந்தரம் கேட்டுவிடுவானாம். இப்படியே ஐந்து வருஷம் ஓடி, 1974-ஆம் வருஷமும் முடியப் போகிறது.

அந்த வருஷக் கடைசியில்தான் டெம்பரரி ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராயிற்று. முப்பது வயது முடிந்தவனுக்கு அதில் இடமில்லை. ஸம்பத்துக்குத் தை பிறந்தால் முப்பது முடிகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் ரிஜிஸ்ட்ரார். அவர் இந்த வருஷம் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஜன்மத்துக்கும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? அந்தப் பூசாரியின் அறைக் கதவுக்கு வெளியே நிற்கக்கூட ஸம்பத்துக்கு யாரையும் தெரியாது.

வீட்டில் அவன் மனைவி பூமா எதையும் வாய்விட்டுக் கேட்பவள் இல்லை. ஆனால் அவன் கண்ணில் ஒன்று படாமல் இல்லை. அவர்களுடைய நான்கு வயதுப் பெண் செங்கமலவல்லி, ஒரு கை புளியோதரை வேண்டுமென்றாலும் முதலில் பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அங்கே மேகம் இல்லை என்று தெரிந்தபிறகுதான் கையை நீட்டுவாள். நான்கு வயதுக் குழந்தைக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. அண்ணன் வீட்டுச் சோறுதான் சொல்லிக் கொடுத்தது.

இந்த நிலையில்தான் குரல் முதல்முறையாக அவனுக்கு உதவிக்கு வந்தது, அல்லது வந்ததுபோல் இருந்தது. பரீட்சைப் பிரிவில் ஒருவர் மார்க்கை உரக்கப் படிப்பார், எதிரில் இருப்பவர் பதிவேட்டில் சரிபார்ப்பார். அன்று படிக்கிற முறை ஸம்பத்துடையது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஆங்கிலப் பேராசிரியர் பாக்கியராஜ், வாசலில் தலையை நீட்டினார்.

"யாருய்யா அது? இவ்ளோ நாளா எங்க ஒளிஞ்சிருந்த?" என்றார்.

பாக்கியராஜ்தான் பல்கலைக்கழகப் பாடல் குழுவை நடத்துகிறவர். டிசம்பரில் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்திருந்தார். இருநூறு வருஷத்துக்கு மேல் பழசான ஐரோப்பிய தேவாலய சங்கீதம். முப்பது பேர் பாட்டு, பத்து வாத்தியம். நோட்டீசில் பரோக் சங்கீதம் என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பூமா, "பரோக்னா எந்த ஊர்?" என்று கேட்டாள். அவனுக்கும் தெரியாது. பேராசிரியருக்குத் தேவைப்பட்டது 'பேஸ்' என்கிற அடிக்குரல் பாடுகிறவர்கள். மூன்றாம் வருஷம் படிக்கும் பையன்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அவர்களும் அரைக்குரல் ஆசாமிகள்.

ஸம்பத் அங்கேயே, அப்போதே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பட்டியல், கையெழுத்து, தை மாதம், முப்பது வயது. பேராசிரியர் பையில் எதையோ தேடிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டார்.

"கவலைய விடு சம்பத். ரிஜிஸ்ட்ராருக்கு இந்த மியூசிக்னா உயிர். கச்சேரிக்கு வரார். பாட்டு முடிஞ்சதும் கையப் புடிச்சு இட்டுக்கினு போயி நிறுத்தறேன். 'சார், இவர்தான் நம்ம பேஸ், நம்ம ஆபீஸ்லயே டெம்பரரியா இருக்கார்'னு சொல்றேன். போதுமா?"

போதுமாவா! அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இவன் பாடினாலே பால் கிடைக்கும் என்கிறாரே! ஸம்பத்துக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது.

பாட்டு அவனுக்குக் கஷ்டமாக இல்லை. அந்தக் கோடும் புள்ளியும் கண்ணால் படிக்கத் தெரியாது, காதால் பிடித்துக்கொண்டான். லத்தீன் வார்த்தைகளைத் தமிழில் எழுதிவைத்து, திருவள்ளூரிலிருந்து போகிற பாசஞ்சர் வண்டியில் முணுமுணுத்துக்கொண்டே போவான். பழைய தொழிற்சாலை நண்பன் கலியன் அதே வண்டியில் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, அங்கே வேறொரு தொழிற்சாலைக்குப் போகக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுகிறவன். ஒருநாள் அவன் சும்மா இருக்க முடியாமல் கேட்டான்.

"இன்னா சாமி, பொழுதுக்கும் முணுமுணுத்துக்கினே வர? ஆமென்னு வேற காதுல வுழுது."

"அது ஒரு மந்திரம் கலியா."

"எங்க தெரு பாஸ்டர் ஊட்லயும் இதே மந்திரந்தான் சாமி," என்று கலியன் சிரித்தான். "பாடு, பாடு. வேலை கெடைச்சா எந்தச் சாமி குடுத்தா இன்னா?"

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. கடைசிப் பாட்டு முழுக்க 'ஆமென்' என்கிற ஒரே வார்த்தை. ஒரு மெட்டைப் பெண்களில் மேல்குரல்காரர்கள் எடுப்பார்கள். அவர்கள் பாதியில் இருக்கும்போதே மற்றப் பெண்கள் அதே மெட்டை எடுப்பார்கள். அவர்கள் முடிப்பதற்குள் ஆண்களில் மேல்குரல். அவர்களும் நடுவில் இருக்கும்போது இவன் நுழைய வேண்டும். கூட இருக்கிற இரண்டு பையன்களும், "நீங்க எடுங்க சார், நாங்க தொத்திக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவில் நுழைவது! கோஷ்டியில் இரண்டு வரிசை எதிரெதிரே உட்காரும். முதல் இரண்டு அடி ஒரு வரிசை, அடுத்த இரண்டு அடி எதிர் வரிசை. ஒரு வரிசை கடைசி எழுத்தைச் சொல்லி மூச்சு விட்டபிறகுதான் மறு வரிசை வாயைத் திறக்கலாம். முந்தினால் பெருமாளுக்கும் அபசாரம், சொல்கிறவர்களுக்கும் அபசாரம். ஏழு வயதில் கோஷ்டியில் உட்கார்ந்ததிலிருந்து இந்த ஒன்று அவன் எலும்பில் ஏறியிருந்தது. இங்கேயானால் முந்துவதுதான் சங்கீதம் என்கிறார் பேராசிரியர்.

"அவங்க முடிக்கட்டும்னு காத்திருக்காதய்யா! மேல ஏறு!" என்று அவர் ஒத்திகைதோறும் கத்தினார். ஸம்பத் விரல் விட்டு எண்ணப் பழகினான். இருபத்துநான்கு எண்ணி, அவருடைய இடது கை தன் பக்கம் நீண்டதும், கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தில் குதிக்கிறவனைப்போல் உள்ளே குதிப்பான். ஒரு மாதத்தில் அது வந்துவிட்டது. மிக நன்றாகவே வந்துவிட்டது.

வந்தது அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. மார்கழி பிறந்தது. தினமும் விடிகாலையில் கோஷ்டி. கச்சேரி நடக்க இருந்த அன்று காலை, ஸம்பத் குளித்து, நாமமிட்டு, தன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எதிர் வரிசையில் முதல் ஆளாகச் சடகோபன். மனம் முழுக்க சாயங்காலத்திலேயே இருந்தது. எதிர் வரிசை இரண்டாம் அடியின் நடுவில் இருந்தபோது, யாரோ தள்ளிவிட்டதுபோல இவன் முழுக் குரலில் மூன்றாம் அடியை எடுத்துவிட்டான்.

கோஷ்டி மொத்தமும் நின்றுவிட்டது. அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார்.

"எதிர் வரிசை முடிக்கலையேடா இன்னும்," என்றான் சடகோபன். சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? பட்டணத்துல எங்கேயோ போய் என்னத்தையோ பாடிண்டிருக்கயாமே. பாடு, அது உன் வயத்துப்பாடு. அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்து பெருமாளுக்கு முன்னாடி குறுக்கே பேசாதே."

"க்ஷமிக்கணும் அண்ணா," என்று ஸம்பத் எல்லோருக்கும் முன்னால் விழுந்து சேவித்தான். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். பூமா காப்பியை நீட்டிக்கொண்டே, "ஏன்னா, ரிஜிஸ்ட்ரார் நிச்சயமா வருவாரோன்னோ?" என்று கேட்டாள். கோஷ்டியில் நடந்தது அவள் காதுக்கும் வந்திருந்தது.

ரிஜிஸ்ட்ரார் வந்தார். முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி. மனைவியுடன் வந்திருந்தார், மடியில் நோட்டீஸ். ஸம்பத் மேடையின் வலது ஓரத்தில், கடன் வாங்கிய கறுப்புக் கால்சட்டையில், நெற்றியில் ஒற்றைத் திருச்சூர்ணக் கோட்டோடு நின்றுகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் மூன்று பாட்டும் நன்றாகவே போயின. மூன்றாவதில் அடிக்குரல் தனியாக நாலு வரி வந்தது. அப்போது ரிஜிஸ்ட்ரார் மனைவியின் பக்கம் குனிந்து இவனைக் காட்டி ஏதோ சொன்னார். ஸம்பத் பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான். நெஞ்சு விம்மிற்று. கையெழுத்தே விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைசிப் பாட்டு. பெண்கள் எடுத்தார்கள். மற்றப் பெண்கள் ஏறினார்கள். ஸம்பத்தின் விரல்கள் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தன. ஆண்களின் மேல்குரல் நுழைந்தது, நுழைந்த வேகத்திலேயே கொஞ்சம் தடுமாறிற்று. பேராசிரியர் இரண்டு கையாலும் அவர்களைத் தூக்கிநிறுத்தப் போனார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு. இடது கை இவன் பக்கம் வரவில்லை.

கை வராவிட்டால் என்ன, எண்ணிக்கை சரிதான். இதுதான் இடம் என்று அவனுக்குத் தெரியும். வாயையும் திறந்தான். ஆனால் மேல்குரல்காரர்கள், எதிர் வரிசைபோல, இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அடி இன்னும் முடியவில்லை. காலையில் குனிந்த தலை, அந்த அத்தனை கண்கள், அண்ணனின் அந்தத் தாழ்ந்த குரல், எல்லாம் சேர்ந்து அவனைத் தடுத்தன. முடிக்கட்டும் என்று நின்றான். அவனைத் தொத்திக்கொள்ள வேண்டிய இரண்டு பையன்களும் நின்றார்கள்.

அடிக்குரல் இல்லாத சங்கீதம் எத்தனை தூரம் போகும்? வயலின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மெலிந்தன. ஆண்கள் தங்கள் மெட்டை எப்படியோ முடித்து, பயந்துபோய் நிறுத்தினார்கள். அவர்கள் மூச்சு விட்டார்கள். அந்தக் கணத்தில், முறைப்படி, சுத்தமாக, ஏழு வயதிலிருந்து பழகியபடி, ஸம்பத் எடுத்தான். மண்டபம் மொத்தமும் அமைதியாக இருக்க, மடப்பள்ளி வரை கேட்கிற முழுக் குரலில், தன்னந்தனியாக, "ஆமென்!"

பின்வரிசையில் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு முன்னால் வந்தது. பேராசிரியர் கையை இறக்கினார். முதுகு காட்டி நின்றபடியே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "மொதல்லேர்ந்து," என்றார்.

மறுபடி பெண்கள் எடுத்தார்கள். ஸம்பத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. செத்தாலும் சரி, இந்தமுறை யார் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் ஏறிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். இருபத்துநான்கு. இடது கை நீண்டது. அவன் குதித்தான். அந்த மெட்டு மேலே மூன்று மாடியாக நிற்க, அடியில் அஸ்திவாரம்போல் அவன் குரல் போய் உட்கார்ந்தது. ஒத்திகையில் ஒருநாளும் இப்படி அமைந்ததில்லை. பையன்கள் தொத்திக்கொண்டார்கள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் தலைநிமிர்ந்து மூன்றாவது நாற்காலியைப் பார்த்தான்.

நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியும் காலி. பாட்டு நின்ற அந்த இடைவெளியில் இருவரும் எழுந்து போயிருக்கிறார்கள். நோட்டீஸ் மட்டும் கிடந்தது. ஸம்பத்தின் வாய் பாடிக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. நிறுத்த முடியாது, நிறுத்தினால் முப்பது பேரும் விழுவார்கள். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று மனம் அடித்துக்கொள்ள, அவன் காலி நாற்காலியைப் பார்த்து ஆமென், ஆமென் என்று அத்தனையும் சரியாகப் பாடி முடித்தான்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மேடைக்குப் பின்னால் பேராசிரியரை மாணவிகள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ஸம்பத் ஓரமாகக் காத்திருந்தான். இன்னும் ஒரு வழி இருந்தது. ரிஜிஸ்ட்ரார் போனால் என்ன? நாளைக்கு இவர் அந்த அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம். பட்டியலில் இன்னும் கையெழுத்து விழவில்லை. கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அத்தனை பேர் மத்தியில், மானத்தை வாங்கிய அதே வாயால், எனக்குச் சிபாரிசு பண்ணுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஜாடையாகச் சொன்னால் போதும், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நினைத்தான்.

பேராசிரியர் இவனைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்குக் கோபமே இல்லை. கண்ணில் நீர் நின்றது.

"செகண்ட் டைம் பாடின பாரு! பிரமாதம்யா! மொதல் தடவை போனா போவுது, விடு. ஈஸ்டருக்கு இன்னொரு கச்சேரி போடறோம், நீதான் பேஸ்."

ஸம்பத் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், தை பொறந்தா எனக்கு முப்பது முடியறது சார்," என்றான்.

பாக்கியராஜ் ஒரு கணம் அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்படியா! சொல்லவே இல்லையே! அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே, சம்பத்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மாணவிகள் கைதட்டினார்கள்.

"தேங்க்ஸ் சார்," என்றான் ஸம்பத்குமார்.