வாத்தியாரின் வெற்றிடமும் பால்கனித் தையல் மிஷினும்

தெருவுக்கு அவள் தையல்காரி. புருஷனுக்கு வீட்டுச் சாமான்களில் ஒன்று. அவர் இயற்பியல் பேராசிரியர். ஊருக்கெல்லாம் பிரபஞ்சத்தை அளந்து கொடுப்பார், பக்கத்தில் இருப்பவள் முகம் மட்டும் கண்ணில் படாது.

ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். அங்கேதான் அவளுடைய மிஷின் இருந்தது. அதுதான் அவளுக்குச் சோறு, மானம் எல்லாம். முதலில் அவருடைய காகிதங்கள் அதன்மேல் ஏறின. பிறகு மிஷின் கூடத்துக்குப் போனது, அங்கிருந்து குளியலறை வாசலுக்கு. ஒவ்வொரு தடவையும் அவள் கத்தினாள். "இத்தனை வருஷம் இப்படித்தானே ஓடுது? இப்ப மட்டும் என்ன?" என்பார். கல்லில்கூட நார் உரிக்கலாம், அவர் காதில் ஒரு சொல்லை ஏற்ற முடியாது.

அன்று அவருடைய சகாக்கள் வந்திருந்தார்கள். அவள் டீ கொண்டுபோனபோது கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிரபஞ்சம் முழுக்க இருக்கிற இந்த வெற்றிடம்தான் ஆற்றல்ல அடிமட்டம்னு நினைக்கிறோம். இல்லாமலும் இருக்கலாம். மலைச்சரிவுல ஒரு சின்னப் பள்ளத்துல பந்து நிக்கிற மாதிரி. கீழ இன்னும் ஆழமான பள்ளம் இருந்தா? எங்கேயோ ஒரு இடத்துல வெற்றிடம் மேட்டைத் தாண்டி அதுல விழுந்துட்டா, ஒரு குமிழி கிளம்பும். கிட்டத்தட்ட ஒளி வேகத்துல விரியும். அது தொட்ட இடத்துல அணுவும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்."

"முன்கூட்டியே தெரியாதா?" என்றார் ஒருவர்.

"தெரியாது. சேதியும் அதுவும் சேர்ந்துதான் வரும். பயப்படாதீங்க, இத்தனை கோடி வருஷம் தாங்கினது இனியும் தாங்கும். எங்க வீட்டம்மா மாதிரி!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் டீத் தட்டை டக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நாற்காலிகள் போட இடம் வேண்டுமென்று அவர் மிஷினைப் பால்கனிக்குத் தள்ளியிருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாயம் இறங்கிக் கிடந்தன. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. சண்டை ஓய்ந்ததென்று அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். கணக்கில் புலிதான், ஆனால் அந்தக் கணக்கு தப்பிப்போயிற்று.

காலையில் வண்டிக்காரன் மிஷினை ஏற்றிக்கொண்டிருந்தான். பேராசிரியர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"என்ன இது? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க குமிழிக்கு வாய் கிடையாது, அது சொல்லாம வரும். நான் தினமும் சொன்னேன்."

பதில் சொல்ல அவர் வாய் கொப்பளிக்க வேண்டியிருந்தது. கொப்பளித்துவிட்டு வருவதற்குள் அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.