கூண்டு மாற்றும் ஊசி

இது நடந்தது ஆடி மாதம் என்று மாமா இன்றும் சாதிக்கிறார். இல்லை, வைகாசி. அன்று வெயிலுக்காகக் கோழிக் கொட்டகைக் கூரைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றில் யாரும் கூரையை நனைக்க மாட்டார்கள். தேதியைச் சொல்லியிருக்க வேண்டிய என் தடுப்பூசி அட்டையைக் கரையான் தின்றுவிட்டதால் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் நாளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை.

புதுச்சத்திரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி மாமாவின் கோழிப்பண்ணை இருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா ரிக் வண்டியோடு வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். அம்மாவும் நானும் பண்ணையை ஒட்டிய வீட்டில் இருந்தோம். அம்மா நாள் முழுக்கக் கொட்டகையில் முட்டை பொறுக்கி அடுக்குவதைப் பார்த்துக்கொள்வாள். என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால் நான் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. குஞ்சுகள் ஓட்டை போட்ட பெட்டிகளில் வரும். மஞ்சள் பல்புக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுகமாக இருக்கும். கொஞ்ச நாளில் கண்ணில் சொட்டு மருந்து. அப்புறம் ஓர் ஊசி. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க, சூடான தகட்டில் மூக்கு நுனியை வெட்டுவார்கள். மறுபடி ஊசி. அதோடு குஞ்சுக் கொட்டகை வாழ்க்கை முடிந்தது. கம்பிக் கூண்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன எந்தக் கோழியும் பல்பு வெளிச்சத்துக்குத் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஊசி, மூக்கு, கூண்டு. இதுதான் வரிசை.

மனிதர்களுக்கும் இதே வரிசைதான் என்பதற்கு மாமாவின் மகள் சாட்சியாக இருந்தாள். போன வருடம் அவளை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனபோது நானும் போனேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், வரிசை வரிசையாக. சன்னலுக்குக் கம்பி வலை. மணி அடித்ததும் நீள மேசையில் எல்லாரும் தலையைக் குனிந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அவளுடைய நீளமான சடையைக் காது வரை வெட்டியிருந்தார்கள். மூக்கு மட்டும் முழுதாக இருந்தது. ஊசி போட்டார்களா என்று காதோடு கேட்டேன். இங்கே வருவதற்கு முன்னாலேயே போட்டாயிற்று என்றாள். அதற்கு மேல் ஆராய எனக்கு எதுவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் அம்மா மாமாவிடம் சொன்னாள்: “இவளுக்கு அஞ்சு வயசு ஊசி பாக்கி இருக்குதுண்ணா. பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள போட்டுப்போடோணும்.”

“அப்படியே அந்த வாயிலயும் நுனியா ஒரு வெட்டு வெட்டிக் கூட்டியாந்தா வூடே அமைதியா இருக்கும்” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தப்பிக்க ஒரு வழியும் பண்ணையிலேயே இருந்தது. சீக்குக் கோழிக்கு மாமா ஊசி போட மாட்டார். ஊசி நாளில் முதலில் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தொங்கிப்போய் நிற்பவற்றைப் பிடித்துத் தனியாக விட்டுவிடுவார். அவற்றுக்கு ஊசியும் இல்லை, கூண்டும் இல்லை. ஆகவே மறுநாள் காலை நான் சீக்குக் கோழியானேன்.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றேன். கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி, இரண்டு கைகளையும் உடம்பில் ஒட்டாமல் தொங்கவிட்டேன். அவ்வப்போது தூங்கி விழுந்தேன். அம்மா தட்டில் வைத்த இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு எந்த வீட்டுப் பிள்ளை இப்படி நின்றிருந்தாலும் ஏதோ கோபம் என்று விட்டிருப்பார்கள். மாமா அப்படி விடுகிறவர் இல்லை. கொட்டகை நிறையக் கோழிகள் நின்றாலும் அதில் சரியில்லாத ஒன்று எங்கே நிற்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தீனி வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“அம்மணி! பாப்பா ஒதுங்கி நிக்குது பாரு!” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

பண்ணையில் ஒன்று ஒதுங்கி நிற்பதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. மாமா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, “இரைப்பை காலியா கெடக்குது” என்றார்.

“நடிக்கறாண்ணா. ராத்திரி மூணு தோசை தின்னாளே” என்றாள் அம்மா.

“ராத்திரி தின்னது கணக்குல வராது அம்மணி. காத்தால தீனி எடுக்கல பாரு.”

வேலைக்காரர்களின் பிள்ளைகள் யாரும் என் பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, முட்டை ஏற்றும் வேனில் என்னைப் பின்சீட்டில் தனியாக உட்கார வைத்தார். அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊசியிலிருந்து தப்பிக்கப் போட்ட திட்டம் என்னை நேராக ஊசி இருக்கும் இடத்துக்கே ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பிழை எனக்கு நாமக்கல் கோட்டை கண்ணில் பட்டபோதுதான் உறைத்தது.

நான் பிறந்ததிலிருந்து எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சேலத்துக்காரர். நாமக்கல் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மாமா நோயை விவரித்தார்.

“தீனி எடுக்கலீங்க. தண்ணியும் கம்மிங்க. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு சொவத்தோரமா நிக்குதுங்க. எச்சம் இன்னும் பாக்கலீங்க.”

டாக்டரம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “எச்சம் அப்புறம் பார்த்துக்கலாம். கூட இருக்கிறதெல்லாம் எப்படி இருக்கு?”

“கூட ஒண்ணுமில்லீங்க. இது ஒண்ணுதானுங்க” என்றார் மாமா, மிகுந்த கவலையோடு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், பிறகு மேசையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை நீட்டினார். காலையிலிருந்து பட்டினி. சீக்குக் கோழி அதை வாங்கிக் கடித்துவிட்டது.

“சரியாப்போச்சு. காய்ச்சலும் இல்ல, சளியும் இல்ல. அஞ்சு வயசு ஊசி பாக்கி இருக்குல்ல? இன்னிக்கே போட்டுடலாம்.”

நான் மேசைக்கு அடியில் பாய்ந்து அதன் காலைக் கட்டிக்கொண்டேன். “வேண்டாம்! ஊசி போட்டா கூண்டு மாத்திருவீங்க! மூக்கு வெட்டிருவீங்க! நான் இனிமே பேசவே மாட்டேன்!” என்று கத்தினேன்.

வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்கு இது புதிய தகவல். “அம்மா, இங்க மூக்கு வெட்டுவாங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நொடி பெஞ்சு முழுக்க அழுகை. ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு தெரு வரை ஓடியதாகவும், அவனுடைய அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துரத்தியதாகவும் மாமா சொல்வார். இதை நான் பார்க்கவில்லை.

டாக்டரம்மா புடவையைச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். “யாரு உன்னைக் கூண்டு மாத்தறாங்க? சொல்லு.” சொன்னேன். குஞ்சுப் பெட்டி, சொட்டு மருந்து, ஊசி, மூக்கு, மாமாவின் மகளுடைய சடை, இரும்புக் கட்டில், ஒன்று விடாமல். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

“மூக்கு வெட்ட மாட்டோம்னு நான் சொல்லிடுவேன். கூண்டு மாத்த மாட்டோம்னு நான் சொல்ல முடியாது. அதை வீட்டுல இருக்கிறவங்கதான் சொல்லணும்.”

எதற்கும் உடனே பதில் சொல்லிவிடும் மாமாவின் கால்கள் அம்மாவின் பக்கம் திரும்பின. மேசைக்கு அடியிலிருந்து எனக்கு அவர்களுடைய கால்கள்தான் தெரிந்தன. இவ்வளவு சுலபமான பதிலுக்கு ஏன் இத்தனை நேரம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் அம்மா கீழே உட்கார்ந்தாள்.

“இல்ல சாமி. உன்னைய எங்கயும் மாத்தல. எங்கூடவே இரு.”

“அம்மணி, யோசிச்சு…” என்று மாமா இழுத்தார்.

“சொல்லிட்டனில்லண்ணா.”

நான் வெளியே வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டேன். ஊசி கட்டெறும்பு அளவுக்குத்தான் வலித்தது. இத்தனை ஏற்பாட்டுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

திரும்பும் வழியில் வேன் அந்த விடுதிப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்றது. அந்த வருடம் அங்கே எனக்கும் ஓர் இடம் பேசி முடித்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. பண்ணையில் பிள்ளை தனியாகத் திரிகிறதே என்று அப்பா போனில் சொல்லிச் சொல்லி, அம்மாவும் சம்மதித்திருந்தாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா அந்த விடுதிக்கு முட்டை போடுகிறார் என்பதுதான். முட்டை விஷயம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா முன்சீட்டில் என்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா மெதுவாகத்தான் திரும்பி வந்தார். “சொல்லிப்போட்டேன். அந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துருவாங்களாம்.”

“குடுக்கட்டும்.”

“மாப்பிள்ளை போன்ல குதிப்பாரு அம்மணி.”

“நான் பேசிக்கறேன். நீங்க வண்டிய எடுங்க.”

யாருக்கு இடம் என்று கேட்டேன். மாமா வண்டியை எடுத்தார். வேன் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் அம்மா என்னை மடியிலிருந்து இறக்கவில்லை. ஊசி போட்ட கையையே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தக் கை வலிக்குது” என்றேன்.

“ஆமா சாமி” என்றாள். பிடியை மட்டும் விடவில்லை.